பழைய பேய், பூதப் படங்களை ஒரே யுனிவர்ஸா இணைக்கணும்னா எங்கே கவிழும்?

சாலிகிராமம்_ஸ்கிரிப்ட்:

நாலு படம், ஒரே உலகம். முதல் படத்துக்கு பவுண்டட் ஸ்கிரிப்ட் (காட்சி, வசனம் எல்லாம் சேர்ந்த முழுப் பிரதி) முக்கால்வாசி முடிந்தது. மற்ற மூன்றும் ஒன்லைனாக (கதைச் சுருக்கமாக) இருக்கின்றன.

முதல் படம் ராயபுரம் பக்கம் ஒரு பிணவறை, செத்தவனை எழுப்பும் டாக்டர். ஃபிராங்கன்ஸ்டைன் வழி. இரண்டாவது நாகக்கன்னி. மூன்றாவது பழிவாங்கும் பேய்ப்பெண் பழையனூர் நீலி. நாலாவதில் மூவரும் மோதுகிறார்கள். இவர்களைக் கண்காணிக்கும் ரகசிய அமைப்பு ஒன்று அடையாற்றில் பழைய பங்களாவில் இயங்குகிறது. நாலு படத்தையும் கட்டும் கயிறு அதுதான். முதல் படம் 6 கோடி, 42 நாள் ஷூட்டிங், எழுந்த பிணம் கேமரா முன் நிற்கும் நாள் 14.

தெரிய வேண்டியவை:

1. ஃபிராங்கன்ஸ்டைன், டிராகுலா, ஓநாய் மனிதன் எல்லாம் சும்மா எடுத்துக்கொள்ளலாமா? 'நாளைய மனிதன்' (1989), 'பட்டணத்தில் பூதம்' (1967) மாதிரி நம் பழசுகளை உள்ளே இழுத்தால் யாரிடம் கையெழுத்து வாங்க வேண்டும்?
2. இந்த பூதங்களுக்குச் சொந்தக்காரரான ஹாலிவுட் ஸ்டுடியோ யுனிவர்சலே 2017-ல் குப்புற விழுந்தது. எந்த இடத்தில்?
3. மேக்கப்பா, சிஜியா (கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ்)? சென்னை வெயிலில் முகத்தில் ஒட்டியது நிற்குமா?

"பேய்ப் படம் எப்பவும் ஓடும் தல" வகைப் பதில்கள் தயவுசெய்து வேண்டாம்.

நெகட்டிவ்_ரைட்ஸ்:

முதல் கேள்விக்கு மட்டும் பதில்.

நாவலையும் படத்தையும் பிரித்துக்கொள்ளுங்கள். ஃபிராங்கன்ஸ்டைன் நாவல் 1818. டிராகுலா 1897, பிராம் ஸ்டோக்கர் 1912-ல் இறந்தவர். எச்.ஜி. வெல்ஸ் இறந்தது 1946. நம் சட்டத்தில் எழுதியவர் இறந்து 60 ஆண்டு என்பதால் அவருடைய 'இன்விசிபிள் மேன்' 2006 முடிவோடு பொதுச்சொத்து. இவற்றைத் தொட யாரையும் கேட்க வேண்டாம்.

ஆனால் ஃபிராங்கன்ஸ்டைன் என்றதும் கண் முன் வரும் உருவம் நாவலில் கிடையாது. தட்டை மண்டையும் கழுத்து போல்ட்டும் 1931 யுனிவர்சல் படத்துக்காக ஜாக் பியர்ஸ் போட்ட மேக்கப். அந்தப் படத்துக்கு அமெரிக்காவில் 2026 முடியும்வரை காப்புரிமை உண்டு. உள்ளூரில் ஓட்டிவிடலாம் என்று நினைத்தால், ஓவர்சீஸும் ஓடிடியும் விற்கும்போது எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கேட்பது அதைத்தான். நாவலில் வருவது மஞ்சள் பூத்த தோல், பளபளக்கும் கறுப்பு முடி, கறுத்த உதடு. வாய் கிழியப் பேசும், புத்தகம் படிக்கும். அதை எடுத்தால் வழக்கும் வராது, பார்த்துச் சலித்த முகமும் இல்லை.

ஓநாய் மனிதனில் கூடுதல் கவனம் வேண்டும். 1941 படத்துக்கு மூல நாவல் கிடையாது. திரைக்கதை எழுதிய கர்ட் சியோட்மாக் 2000-ல்தான் இறந்தார். மனிதன் ஓநாயாக மாறுவது ஊர்க்கதை, அது யாருக்கும் சொந்தமில்லை. அடுத்து சாகப்போகிறவரின் உள்ளங்கையில் நட்சத்திரம் தெரிவது போன்றவை அந்தப் படத்தினுடையவை. அவற்றை விட்டுவிடுங்கள்.

இனி நம்மூர்ப் பழசு. படத்துக்குக் காப்புரிமை, வெளியான வருடத்துக்கு அடுத்த ஜனவரி 1 முதல் 60 ஆண்டு. 1967 படத்துக்கு 2027 டிசம்பர் 31 வரை, 1989 படத்துக்கு 2049 வரை. இது படத்துக்கு மட்டும்தான். கதை, வசனம், பாட்டு ஒவ்வொன்றுக்கும் எழுதியவர் இறந்து 60 ஆண்டு என்று தனிக்கணக்கு ஓடும். படம் பொதுச்சொத்தானதும் கதையும் ஆகிவிட்டது என்று நினைப்பதுதான் கோடம்பாக்கத்தில் அடிக்கடி நடக்கும் தவறு.

அடுத்த குழி: "நெகட்டிவ் ரைட்ஸ் எங்ககிட்டதான் இருக்கு" என்று ஒருவர் வந்து உட்காருவார். நெகட்டிவ் (மூலப் படச்சுருள்) வேறு, சாட்டிலைட் (டிவி ஒளிபரப்பு) வேறு, ரீமேக் (மறுபடி எடுப்பது) வேறு. அவருடைய பத்திரத்தில் ரீமேக் என்ற சொல் இல்லையென்றால் அவரால் உங்களுக்கு அதைத் தர முடியாது. தயாரிப்பாளரிலிருந்து இன்றுவரை கைமாறிய ஒவ்வொரு பத்திரத்தின் நகலையும் வரிசையாக வாங்குங்கள். நடுவில் ஒன்று காணவில்லை என்றால் அங்கே ஒரு வாரிசு உட்கார்ந்திருக்கிறார் என்று பொருள். பிறகு தினசரியில் வக்கீல் மூலம் பொது அறிவிப்பு கொடுத்து ஆட்சேபம் வருகிறதா பாருங்கள். ஷூட்டிங்குக்கு முன் வரும் ஆட்சேபம் பேச்சுவார்த்தையில் தீரும். ரிலீஸுக்கு முந்தின வியாழக்கிழமை வருவதற்கு விலை வேறு.

உங்கள் ஒப்பந்தத்தில் கட்டாயம் எழுத வேண்டியவை: காலம், இடம், பயன்படுத்தாவிட்டால் என்ன ஆகும். காப்புரிமைச் சட்டம் 19-வது பிரிவின்படி காலம் எழுதாவிட்டால் 5 ஆண்டு, இடம் எழுதாவிட்டால் இந்தியா மட்டும். வாங்கிய உரிமையை ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால், வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, உரிமை காலாவதி. யுனிவர்ஸ்காரர்கள் விழுவது இந்த ஒரு வருடத்தில்தான். நாலாவது படத்தில் வரும் பூதத்துக்கு இன்று கையெழுத்து வாங்கிவிட்டு நாலு வருடம் கழித்து ஸ்கிரிப்டைப் பிரித்தால் கையில் ஒன்றும் இருக்காது. "பிரிவு 19(4) இதற்குப் பொருந்தாது" என்று ஒரு வரி போதும். சீக்வல், ப்ரீக்வல், ஸ்பின்ஆஃப், கிராஸ்ஓவர், சீரீஸ், கேம் என்று தனித்தனியாகச் சொல்லுங்கள். "அனைத்து உரிமைகளும்" என்று எழுதினால் எதுவும் எழுதாதது மாதிரி.

தலைப்புக்குக் காப்புரிமை கிடையாது, 2015-ல் உச்ச நீதிமன்றமே சொன்னது. இருந்தாலும் தயாரிப்பாளர் சங்கத்தில் பதிவு இல்லாமல் போஸ்டர் ஒட்ட முடியாது. நாலு தலைப்பையும் இப்போதே போட்டுவையுங்கள்.

மூவியோலா:

இரண்டாவது கேள்வி. 2017-ஐ விட 1943-ல் கற்க வேண்டியது அதிகம், அதனால் அங்கிருந்து தொடங்கலாம்.

யுனிவர்சல் முதலில் தனித்தனியாகத்தான் ஓட்டியது. 1931-ல் டிராகுலாவும் ஃபிராங்கன்ஸ்டைனும், 1932-ல் மம்மி, 1933-ல் இன்விசிபிள் மேன், 1941-ல் ஓநாய் மனிதன். முதன்முதலாக இரண்டு பூதங்கள், ஃபிராங்கன்ஸ்டைன் பூதமும் ஓநாய் மனிதனும், ஒரே படத்தில் மோதியது 1943-ல். அதாவது முதல் வெற்றிக்கும் முதல் மோதலுக்கும் நடுவில் 12 வருடம். "யுனிவர்ஸ்" என்று யாரும் அறிவிக்கவில்லை. இருந்த செட், இருந்த கோட்டு, சம்பளத்தில் இருந்த நடிகர்கள், எல்லாவற்றையும் மறுபடி பயன்படுத்தினார்கள், அவ்வளவுதான்.

அந்த 1943 படத்தில் நடந்த தவறு உங்களுக்கு நேரடியாகப் பொருந்தும். அதற்கு முந்தைய 1942 படத்தின் கடைசியில் இகோர் என்ற பாத்திரத்தின் மூளையை பூதத்தின் மண்டையில் வைப்பார்கள். ரத்த வகை ஒத்துப்போகாமல் பூதத்துக்குக் கண் பார்வை போய்விடும். 1943-ல் பெலா லுகோசி பூதமாக நடித்தபோது, குருட்டுப் பூதமாக, கையை முன்னால் நீட்டித் தடவித் தடவி நடந்தார். பேசவும் செய்தார். படத்தைப் போட்டுப் பார்த்தபோது அந்த உச்சரிப்பைக் கேட்டுச் சிரித்தார்களாம், வசனத்தை முழுக்க வெட்டிவிட்டார்கள். குருடு என்ற தகவல் வசனத்தில் மட்டும்தான் இருந்தது, அதுவும் சேர்ந்து போய்விட்டது. மிஞ்சியது காரணமே இல்லாமல் கையை நீட்டி நடக்கும் ஒரு உருவம். இன்றுவரை பள்ளிக்கூட நாடகத்தில் ஃபிராங்கன்ஸ்டைன் வேடம் போடும் பிள்ளைகள் நடக்கும் நடை அந்த எடிட்டிங் விபத்துதான்.

ஒரு படத்திலிருந்து அடுத்த படத்துக்குப் போகும் தகவல் வசனத்தில் மட்டும் இருந்தால் எடிட்டிங் டேபிளிலேயே செத்துப்போகும். அது உடம்பிலோ பொருளிலோ இருக்க வேண்டும்: தழும்பு, உடைந்த கண்ணாடி, நொண்டல். ஒவ்வொரு படத்திலும் குறைந்தது இரண்டு காட்சியில் வர வேண்டும். அதில் ஒன்று வெட்ட முடியாத காட்சியாக இருக்க வேண்டும்.

1944 படம் வேறு வகைச் சொதப்பல். போஸ்டரில் டிராகுலா, ஓநாய், பூதம் மூவரும் இருப்பார்கள். படத்தில் டிராகுலா முதல் பாதி தாண்டும் முன்பே எலும்புக்கூடாகிவிடுவார், மற்ற இருவரையும் பார்க்கவே மாட்டார். உங்கள் நாலாவது படத்தில் இதைக் கவனியுங்கள். மூன்று பேருக்கும் ஒரே இடத்தில், ஒரே பொருள் மேல் தேவை இருந்தால்தான் மோதல் வரும். இல்லையென்றால் மூன்று குறும்படம்.

2017 சுருக்கமாக. மே மாதம் டாம் குரூஸ், ரஸ்ஸல் குரோ, ஜானி டெப், ஹாவியர் பார்டெம், சோஃபியா பூட்டெல்லா எல்லாரையும் ஒரே போட்டோவில் காட்டி 'டார்க் யுனிவர்ஸ்' அறிவிப்பு. லோகோவுக்கு டேனி எல்ஃப்மேன் இசை. ஜூனில் முதல் படம் 'தி மம்மி'. உலகம் முழுக்க 40 கோடி டாலர் வந்தது, ஆனாலும் அமெரிக்காவில் 8 கோடியோடு நின்றது. அந்தச் செலவுக்கு அது போதாது. அக்டோபரில் அடுத்த படம் தள்ளிப்போனது, நவம்பரில் பொறுப்பில் இருந்தவர்கள் கிளம்பினார்கள். அதே கம்பெனி 2020-ல் 'இன்விசிபிள் மேனை' 70 லட்சம் டாலரில், எந்த இணைப்பும் இல்லாமல், எடுத்து 14 கோடிக்கு மேல் பார்த்தது.

படத்தை ஸ்டாப்வாட்சோடு பாருங்கள். மம்மி பயமுறுத்தத் தொடங்கும் நேரத்தில் கதை லண்டனில் ஒரு ரகசிய அமைப்பின் ஆபீஸுக்குள் போகிறது. ரஸ்ஸல் குரோ உலகத்தைப் பற்றி விளக்கம் சொல்கிறார், கண்ணாடி ஜாடிக்குள் அடுத்த படங்களின் எலும்புகளும் கைகளும். பேய் சங்கிலியில் கட்டிக் கிடக்கிறது. அதற்குப் பிறகு பயம் திரும்பவே இல்லை. பூதத்தை நிர்வகிக்கும் ஆபீஸ் ஒன்று இருக்கிறது என்று தெரிந்ததுமே அது பூதம் இல்லை, ஃபைல்.

உங்கள் அடையாறு பங்களா அதே ஆபீஸ்தான்.

மோல்டு_பட்டறை:

மேக்கப்பா சிஜியான்னா, 14 நாளுக்கு மேக்கப். 6 கோடியில முகம் முழுக்க சிஜி பண்ணா கடைசி ரெண்டு ரீல்ல பணம் தீர்ந்து ரப்பர் பொம்மை மாதிரி வரும். சிஜியை ஒட்டின ஓரத்தை மறைக்கவும் கண்ணைத் திருத்தவும் வெச்சுக்குங்க.

சென்னையில எது நிக்கும், எது நிக்காது. முகத்துல ஒட்டுற ஜெலட்டின் துண்டு மலிவு, ஆனா சூட்டுல இளகும். லைட்டுக்குக் கீழ மூக்கு வழிஞ்சு வரும். அதை டெஸ்ட் ஷூட்டோட நிறுத்திக்குங்க. ஃபோம் லேடெக்ஸ் (நுரை ரப்பர்) எடை கம்மி, கொஞ்சம் காத்து போகும், பெரிய துண்டுக்கு அதுதான் நல்லது. ஆனா ஃபோம் அடிக்கிற ரூம் 20-22 டிகிரியில, ஈரப்பதம் பாதிக்குக் கீழ இருக்கணும். ஏசி இல்லாத ஷெட்டுல அடிச்சா ஜெல் ஆகுற நேரம் ஒவ்வொரு தடவையும் மாறி, உள்ள பெரிய பெரிய ஓட்டை விழும். அடுப்புல 80-85 டிகிரி, மூணு நாலு மணி நேரம். அவசரப்பட்டு சூட்டை ஏத்தினா வெளிய வெந்து உள்ள பச்சையா இருக்கும், இட்லி மாதிரிதான். சிலிக்கான் தோல் மாதிரியே தெரியும், ஆனா வேர்வை உள்ளயே தங்கும். நெத்தியில சேர்ந்து, குனிஞ்சா கண்ணுக்குள்ள கொட்டும்.

சிலிக்கான் உறையாமப் போறது. இதுக்குத்தான் புதுசா வர்றவங்க மொத்த பேட்சையும் தூக்கிப் போடுறாங்க. பிளாட்டினம் சிலிக்கானுக்கு கந்தகம் ஆகாது. கந்தகம் கலந்த களிமண்ல சிற்பம் பண்ணா, தொட்ட இடமெல்லாம் பிசுபிசுன்னு அப்படியே நிக்கும். லேடெக்ஸ் கிளவுஸ் போட்டுத் தொட்டாலும் அதேதான். கந்தகம் இல்லாத களிமண் வாங்குங்க, நைட்ரைல் கிளவுஸ் போடுங்க. முதல்ல ஒரு ஸ்பூன் கலந்து ஓரத்துல வெச்சுப் பாத்துட்டு அப்புறம் ஊத்துங்க.

முகத்துல அச்சு எடுக்கும்போது: ஆல்ஜினேட் (அச்சு எடுக்கிற பவுடர்) வெதுவெதுப்பான தண்ணியில சீக்கிரம் இறுகும். மே மாசம் டேங்க் தண்ணியில கலந்தா கன்னம் வரைக்கும் வர்றதுக்குள்ள கட்டி ஆயிடும். ஃப்ரிட்ஜ் தண்ணி கலந்து 20 டிகிரிக்குக் கொண்டு வாங்க. மூக்கு ஓட்டை ரெண்டும் திறந்திருக்கணும், அதைப் பாக்க மட்டும் ஒரு ஆள் தனியா. நடிகர் கையில ஒரு சைகை முன்னாடியே பேசி வெச்சுக்கணும்.

எண்ணிக்கை. ஒட்டின துண்டு மறுநாளைக்கு ஆகாது, ஓரம் கிழிஞ்சிடும். 14 நாள்னா 14 செட், டெஸ்ட்டுக்கு 2, உபரி 4. மொத்தம் 20. ஒரு செட்டுன்னா நெத்தி, மூக்கு-கன்னம், தாடை மூணு துண்டு. ஃபைட்டர் டூப் போட்டா அவர் முகத்துக்குத் தனி அச்சு, தனி செட். ஹீரோ துண்டை டூப்புக்கு ஒட்டினா கன்னத்துல தூக்கிக்கிட்டு நிக்கும். இதை பட்ஜெட்ல எழுதாம விட்டுட்டு ஃபைட் ஷெட்யூல் அன்னிக்குத்தான் எல்லாரும் யோசிப்பாங்க.

நேரம். ஒட்ட நாலு மணி நேரம், கழட்ட ஒண்ணு, சாப்பாடு ஒண்ணு. நடிகர் 12 மணி நேரம் கொடுத்தாலும் கேமராவுக்குக் கிடைக்கிறது ஆறுதான். அதனால உங்க 14 நாள் நிஜத்துல ஏழு நாள் வேலை. இதை டைரக்டர் இப்பவே ஒத்துக்கணும். 1932 மம்மிக்கு போரிஸ் கார்லாஃப் எட்டு மணி நேரம் உக்காந்தாராம். அங்க கட்டு போட்ட கோலத்துல அவர் திரையில வர்றது கொஞ்ச நேரம்தான். முழு மேக்கப்பைக் குறைவான ஷாட்டுக்கு வெச்சுக்கிட்டு, மிச்சத்துக்கு லேசான மேக்கப்ல ஓட்டினாங்க. அதே கணக்கைப் போடுங்க: 14-ல முழு முகம் 5 நாள், கை-கழுத்து மட்டும் 4 நாள், முதுகு, நிழல், தூரம் 5 நாள். அப்போ 20 செட் 11 ஆயிடும்.

எப்போ எடுக்கறது? ஜனவரி, பிப்ரவரி. அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும் மழை, ஈரத்துல பசை பிடிக்காது. கத்திரியில கேட்கவே வேண்டாம். கேரவன்லேர்ந்து செட்டுக்கு நடக்குற தூரம் 50 மீட்டருக்கு மேல இருந்தா குடையும் கை ஃபேனும் கூடவே போகணும். ஒட்டறதுக்கு முன்னாடி நெத்தியில வேர்வை அடக்குற மருந்து தடவி நல்லா காயவிடணும், ஈரத்து மேல பசை போட்டா மதியம் தூக்கிடும். லைட் பக்கவாட்டுல, மேலேர்ந்து. நேர் லைட் அடிச்சா ஒட்டின கோடு 4கே-யில பளிச்சுன்னு தெரியும்.

கண்ணு முழுக்க மூடுற லென்ஸ் போடறதா இருந்தா கண் டாக்டர்கிட்ட அளவெடுத்துதான். கடையில வாங்கின ஃபேன்ஸி லென்ஸைப் போட்டுக்கிட்டு ஸ்மோக் மெஷின் முன்னாடி நிக்க வைக்காதீங்க.

சாலிகிராமம்_ஸ்கிரிப்ட்:

மோல்டு அண்ணா, அந்த 5-4-5 பிரிவு அப்படியே ஷெட்யூலில் ஏறிவிட்டது. மூவியோலா, பங்களா விஷயம் வலித்தது, ஆனால் ஒத்துக்கொள்கிறேன். அமைப்பை எடுத்துவிட்டால் நாலு படத்தையும் எது இணைக்கும்? எண்ட் கிரெடிட்டில் ஒரு காட்சி போட்டால் போதுமா?

இன்னொன்று: நாகக்கன்னிக்கு நிஜப் பாம்பு வேண்டும் என்கிறார் கேமராமேன்.

சென்சார்_கட்:

பாம்பு வேண்டாம். நாகப்பாம்பு 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகிறது, பிடாரனைக் கூட்டி வந்து எடுக்கும் காலம் போய்விட்டது. எந்த விலங்கு வந்தாலும் விலங்கு நல வாரியத்தின் என்ஓசி (தடையில்லாச் சான்று) இல்லாமல் சென்சார் நகராது. ஷூட்டிங்குக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும், எடுத்த பிறகு ஓடினால் அந்தக் காட்சியையே வெட்டச் சொல்வார்கள். அந்த வாரியம் ஒரு காலத்தில் திருவான்மியூரிலேயே இருந்தது, 2018-ல் ஹரியானாவுக்குப் போய்விட்டது. பாம்பு முழுக்க சிஜி என்றாலும் சிஜி என்பதைக் காட்டும் ஆதாரத்தை, பச்சைத் துணி ஷாட், வயர்ஃபிரேம் (கம்ப்யூட்டரில் வரைந்த கோட்டு உருவம்) எல்லாம், தேதியோடு எடுத்து வையுங்கள்.

சான்றிதழ்: இப்போது யுஏ-விலேயே (பெற்றோர் வழிகாட்டுதலோடு பார்க்கலாம்) 7+, 13+, 16+ என்று மூன்று படி. நீங்கள் குறிவைக்க வேண்டியது 13+ அல்லது 16+. 'ஏ' (பெரியவர்களுக்கு மட்டும்) வாங்கினால் டிவியில் போட முடியாது, சாட்டிலைட் பணம் போச்சு, மறுபடி வெட்டி மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். பேய்க்காக 'ஏ' வாங்கியது 1951 'மர்மயோகி'யிலேயே தொடங்கிய கதை. நாலு பட வரிசையில் ஒரு படம் மட்டும் 'ஏ' ஆனால், குடும்பத்தோடு வருகிறவர்கள் அந்த ஒன்றைத் தவறவிட்டு அடுத்ததும் புரியாமல் உட்கார்ந்திருப்பார்கள். பிணவறைக் காட்சியில் தையல் போடுவதை முழுதாகக் காட்டாமல் ஊசி, நூல், சத்தம் என்று எடுத்தால் ஒரு படி இறங்கும்.

நீலியில் ஒரு எச்சரிக்கை. சம்பந்தர் தேவாரத்திலேயே குறிப்பு உள்ள கதை அது. நீலியால் வணிகனுக்கு ஆபத்து வராது என்று வாக்குக் கொடுத்த 70 வேளாளர்கள், அவன் செத்ததும் தீயில் இறங்கிய இடம் என்று திருவாலங்காட்டுப் பக்கம் இன்றும் மதிக்கிறார்கள். அவர்களைக் காமெடி ஆக்காதீர்கள். முனி, காட்டேரி போன்றவற்றைப் பல ஊரில் கும்பிடுகிறார்கள், அவற்றை வில்லனாக வைப்பதற்கு முன்பும் யோசியுங்கள். பக்கத்து மாநிலத்தில் கள்ளியங்காட்டு நீலியை 2025-ல் 'லோகா' படம் நாயகியாக்கிவிட்டது. நீங்கள் பழையனூர்க் கதையின் எழுபது பேரை விடாமல் பிடித்தால்தான் உங்களுடையது வேறு படமாக நிற்கும்.

மூவியோலா:

எண்ட் கிரெடிட் காட்சி போதாது. தியேட்டரில் பாதிப் பேர் பைக் எடுக்கப் போய்விடுவார்கள், டிவியில் அதை வெட்டியே போடுவார்கள்.

ஓடிய வரிசைகளைப் பாருங்கள். இந்தியில் 'ஸ்த்ரீ' (2018) படத்தின் ஜனா என்ற நண்பன்தான் 'பேடியா'வில் (2022) அருணாச்சலக் காட்டில் நிற்கிறான். 2024 'ஸ்த்ரீ 2'-வில் ஓநாய் வந்து இறங்கியபோது யாரும் விளக்கம் கேட்கவில்லை. நம்மூரில் 'கைதி'யில் (2019) வந்த கான்ஸ்டபிள் நெப்போலியன் 'லியோ'விலும் (2023) வருகிறார். இரண்டிலும் இணைப்பது சின்ன ஆள். சம்பளம் கம்மி, கால்ஷீட் கிடைக்கும், அவர் வந்தால் கதை நிற்காது.

அமைப்பைத் தூக்கிவிட்டு அமரர் ஊர்தி டிரைவர் ஒருவரை வையுங்கள். பிணவறையில் அவருக்கு வேலை உண்டு, பாம்பு கடித்துச் செத்தவரை ஊருக்குக் கொண்டுபோக வேலை உண்டு, திருவாலங்காட்டுக்கு ஒரு உடலோடு போகவும் வேலை உண்டு. ஏன் இங்கே வந்தார் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். அவருக்கு எதுவும் தெரியாது, தெரியவும் கூடாது. நாலாவது படத்தில் மூவருக்கும் வேண்டிய பொருள் அவருடைய வண்டிக்குள் இருக்கட்டும்.

நெகட்டிவ்_ரைட்ஸ்:

அப்படியானால் அந்த டிரைவர் நடிகருக்கு இப்போதே நாலு படத்துக்கும் ஆப்ஷன் ஒப்பந்தம் போடுங்கள்: ஒவ்வொரு படத்துக்கும் சம்பளம், கேட்கும் நாள் எண்ணிக்கை, எத்தனை மாதம் முன்னால் சொல்ல வேண்டும், வரமுடியாவிட்டால் வேறு ஆள் போடும் உரிமை. முதல் படம் ஓடிய பிறகு பேசினால் நீங்கள் கேட்கிற ஆள், அவர் சொல்கிற ஆள். 'கைதி', 'விக்ரம்', 'லியோ' மூன்றும் மூன்று தயாரிப்பு நிறுவனங்கள். உங்களுக்கும் இரண்டாவது படத்தில் வேறு தயாரிப்பாளர் வந்தால் டிரைவர் பாத்திரம் யாருக்குச் சொந்தம் என்பது முதல் பட ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும்.

மோல்டு_பட்டறை:

வண்டியை வாடகைக்கு எடுக்காதீங்க, பழசா ஒண்ணு வாங்கிடுங்க. முதல் படத்துல பிணம் எழுந்து உள்ளேர்ந்து அடிக்கும்போது பின் கதவுல விழுற நசுங்கலை மத்த மூணு படத்துலயும் தட்டி எடுக்காம அப்படியே விடுங்க. அந்தக் கதவுக்கு முன்னாடியே ஒரு அச்சு எடுத்து வெச்சுக்குங்க, வண்டி எங்கயாவது இடிச்சுக்கிட்டா அதே நசுங்கலைத் திரும்ப அடிக்கலாம்.